முதியோரை வினவுதல்

திருவரங்கத் திருக்கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகு என்னும் நூலில் ஒரு செய்தி உளது. பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடக்கினின்று படையெடுப்பு நேர்ந்தபோது, கோயிலின் உற்சவத் திருமேனியை அன்பர் சிலர் மறைவாக எடுத்துச் சென்று, பல ஊர்களிலே கரந்து வைத்து, இறுதியில் திருமலையிற் காத்து வந்தனர். விசயநகரத் தலைவனாகிய கோபணன் 1371-ஆம் ஆண்டில் அதனைத் திருவரங்கத்திற்கு மீட்டுக் கொணர்ந்தான். இடைப்பட்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்தில் கோயிலில் வேறொரு திருமேனி வைத்து வழிபடப் பெற்றது. ஆகலின், பழைய திருமேனி இவ்விரண்டனுள் யாது என்னும் ஐயம் எழுந்தது. பழையதனைக் கண்ணாற் கண்டவர் ஒருவரும் ஊரில் இலர். எஞ்சியிருந்தவர் தொண்ணூறு பிராயம் கடந்த வண்ணார் ஒருவரே. அவருக்கோ கண்பார்வை இல்லை. ஆயினும், முன்னாளிற் பெருமானின் ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தைத் தாம் பருகியதுண்டென்றும், அதன் மணத்தையும் சுவையையும் மறந்திலர் என்றும் அம்முதியவர் கூறினார். இரு திருமேனிகளுக்கும் நீராட்டி, ஈர ஆடைகளின் தீர்த்தத்தை அவர் கையில் அளித்தனர். அவர் ஒன்றைச் சுவைத்து, இவரே நம் பெருமாள் என்றார். நம்பெருமாள் என்னும் திருப்பெயர் இன்றளவும் அம்மூர்த்திக்கு வழங்குவது அதனாலென்று நூல் கூறும்.

யாம் கிறிஸ்தவ சமயத்தினர். தீர்த்தத்தின் மகிமையைப் பற்றிப் பேசுதற்கு எமக்கு உரிமையில்லை. அந்நிகழ்ச்சியில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது பிறிதொன்று. அக்காலத்திற் கற்றோரும் அதிகாரிகளும் நிறைந்திருந்த அவ்வூரில், ஒரு பழைய வண்ணாரின் நினைவைக் கேட்பதற்கு எல்லோரும் ஒருங்கே நின்றனரே, அதுவே எமக்கு வியப்பாகின்றது. கேட்பார் இலராயின் அவரோடு அந்நினைவும் அழிந்திருக்கும்.

நம் திருமறையிலும் இதனையொத்த இடம் ஒன்றுண்டு. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபின், யோசுவா ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்துவரச் செய்து நாட்டினார். பிற்காலத்திற் பிள்ளைகள் அவற்றைக் கண்டு, இக்கற்கள் எதற்கு என்று தந்தையரை வினவுதற்பொருட்டே அவை நாட்டப் பெற்றன. பிள்ளை வினவாவிடில் அவை வெறுங் கற்களே.

இந்நாளிற் பிள்ளைகள் வினவுகின்றார்களா? பள்ளிகளில் வினவச் செய்கின்றனர் என்பதை யாம் மறுக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பிற்குப் பின் வெளிவந்த தொடக்கப்பள்ளிச் சூழ்நிலையியல் நூல்களில், வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டெழுதுக என்னும் பயிற்சிகள் பல உள. இஃது உயர்ந்த நோக்கமே. ஆனால் நோக்கம் உயர்ந்திருந்தும் செயல் தாழ்ந்துபோவதற்கு யாமே சான்று.

யாம் ஆறாம் வகுப்பிற் பயின்ற காலத்தில் எமக்கு ஒரு தாள் தரப்பட்டது. அதிற் பத்து வினாக்கள் அச்சிடப்பட்டிருந்தன. அக்காலத்தில் நீங்கள் என்ன உண்டீர்கள்? என்ன விளையாடினீர்கள்? அக்காலம் சிறந்ததா, இக்காலம் சிறந்ததா? இவை போல்வன. எம் தந்தையாரின் அன்னையாரை, எம் வீட்டு வழக்கப்படி, அப்பாயி என்று அழைப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவுடன் அவரை நாற்காலியில் இருத்தி, தாளைக் கையிற் பிடித்துக்கொண்டு வினவினோம். "கம்பங்கூழு, சோளச்சோறு. பல்லாங்குழி, பாண்டி. அந்தக் காலந்தான் நல்லாருந்துச்சு" என்று அவர் விடையிறுத்தார். பத்து வினாக்களும் ஆறு நிமிடத்தில் முடிந்தன. எமக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கிடைத்தது. ஒரு மதிப்பெண் குறைந்தது கையெழுத்திற்காக!

இங்ஙனம் வினவுவது முதியவரின் இளமையை அறிதற்கன்று, தாளை நிரப்புதற்கே. வினவுகின்ற பிள்ளைக்கு விடை முன்னரே தெரியும். விடை கூறுகின்ற பாட்டியாருக்கும், பிள்ளை எதிர்பார்ப்பது யாதென்று தெரியும். இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றாமல் ஏமாற்றிக்கொள்கின்றனர்.

சென்ற ஆண்டு, யாம் முதலாண்டு வகுப்பில் இருந்தபோது, ஒரு மாலையில் அப்பாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யாம் அருகில் அமர்ந்து புணரியற் சூத்திரங்களை மனனஞ் செய்துகொண்டிருந்தோம்; ஓரிடத்திற் பிழைபட்டோம். அவர் கீரையினின்று கண்ணெடாமலே, "நிலைமொழி ஈத்தப் பாரு கண்ணு, வருமொழியப் பாத்துட்டு நிக்கிற" என்றார். யாம் திகைத்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர் என்பதே யாம் அறிந்தது. நிலைமொழியும் வருமொழியும் அவருக்கு எவ்வாறு தெரிந்தன? "யாரு சொல்லிக் குடுத்தா அப்பாயி?" என்று வினவினோம். அச்சிட்ட தாளில் இல்லாத வினா அது.

அதற்கு விடை வர மூன்று மாலைகள் ஆயின. அவர் 1950-ஆம் ஆண்டிற் பொன்மலையிற் பிறந்தவர். 1928-ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெறும் ரயில்வே தொழிற்சாலையில் அவர் தந்தையார் கொல்லராய் வேலை செய்தார். வீட்டிற் கடிகாரம் இல்லை. தொழிற்சாலையின் சங்கொலியே கடிகாரம். எட்டாம் வகுப்பில் தேறியவுடன், பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று நிறுத்திவிட்டனர். அவருக்கு இரண்டாண்டு மூத்த தமையனாரோ உயர்நிலைப் பள்ளியில் தொடர்ந்து படித்தார். நண்பகலில் தமையனாருக்குத் தூக்குச்சட்டியிற் சோறு கொண்டுபோவது தங்கையின் கடமை. மணி அடிக்குமுன்னரே சென்று, தமிழ் வகுப்பு நடைபெறும் அறைக்கு வெளியே நிழலில் நின்றுகொள்வாராம். ஆசிரியர் உரத்த குரலில் இலக்கணம் நடத்துவார். இங்ஙனம் இரண்டாண்டு. "சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே கெளம்பிருவேன். எங்கம்மா, அண்ணன் மேல எம்புட்டுப் பாசம்னு நெனச்சுக்கும்" என்று கூறி அவர் நகைத்தார். எமக்கு நகைப்பு வரவில்லை. மூன்றாண்டுக் கட்டணம் செலுத்தி, விளக்கின் கீழ் அமர்ந்து, யாம் பிழையறக் கற்க இயலாத பாடம், வெயிலில் நின்று திருடிக் கற்கப்பட்ட பாடமன்றோ!

இதனை அவர் எம் தந்தையாருக்கும் கூறியதில்லை. ஏன் கூறவில்லை என்று கேட்டதற்கு, "யாரு கேட்டா?" என்பதே விடை.

இதிற் பிறிதொரு சிக்கலும் உண்டு. அவர் தமையனாரை யாம் பெரிய தாத்தா என்போம். அவர் இருந்த காலத்தில், "ஒங்க அப்பாயிக்குப் படிப்புல நாட்டமே கெடையாது, அதான் நிறுத்திட்டோம்" என்று பலமுறை கூற யாம் கேட்டிருக்கின்றோம். அவர் பொய் கூறினார் என்று எண்ணுவது தகாது. பதினைந்து வயதுச் சிறுவனுக்கு வீட்டில் அவ்வாறு சொல்லப்பட்டிருக்கும். அவன் அதனை நம்பியிருப்பான். அப்பாயியின் கதையை யாம் கேட்டறிவதற்கு நான்கு திங்கள் முன்னர் அவர் இறைவனடி சேர்ந்தார். வெளியே நின்ற தங்கையை ஒரு நாளேனும் கண்டாரா என்று வினவுதற்கு இனி ஒருவரும் இலர்.

நண்பர் சிலர் இவற்றைக் கிழவியர் கதை என்று இகழ்கின்றனர். முதியோரின் நினைவு பிழைபடும், ஆண்டு மாறும், நடவாதது நடந்ததாகத் தோன்றும் என்பது அவர் கூற்று. அது முற்றும் பொய்யன்று. எம் பாட்டியார் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நயா பைசா வந்ததை, தாம் பத்து வயதில் இருந்தபோது வந்ததாகக் கூறுவார். கணக்கிட்டால் ஏழு வயதே ஆகின்றது. ஆனால் அணாவிற்கு ஆறு பைசா என்று கடைக்காரர் கொடுத்ததையும், நாலணாவை மாற்றினால் இருபத்தைந்து பைசாவும், ஓரோர் அணாவாக நான்குமுறை மாற்றினால் இருபத்துநான்கு பைசாவும் வந்ததையும், அவ்வொரு பைசாவிற்காகத் தம் அன்னையார் கடைவாயிலிற் பூசலிட்டதையும் அவர் கூறும்போது அதிற் பிழையில்லை. ஆண்டைக் காணச் சுவடிக்கூடம் உண்டு. கடைவாயிற் பூசலைக் காண எக்கூடம் உண்டு?

அயர்லாந்து தேசத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். 1937-ஆம் ஆண்டு முதல் 1939-ஆம் ஆண்டு வரை, அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையமும் கல்வித்துறையும் கூடி, தொடக்கப்பள்ளிகளில் மேல்வகுப்பிற் பயின்ற, பதினொன்று முதற் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளைத் தம் பெற்றோர், பாட்டன் பாட்டியர், அயல்வீட்டு முதியோர் ஆகியோரிடம் அனுப்பின. ஏறக்குறைய 5,000 பள்ளிகள், 50,000 பிள்ளைகள். அவர்கள் எழுதிய குறிப்பேடுகளும், அவற்றினின்று ஆசிரியர் பார்வையிற் படியெடுக்கப்பட்ட ஏடுகளும் சேர்ந்து ஏழு இலட்சத்திற்கு மேற்பட்ட பக்கங்கள் இன்றும் டப்ளின் நகரிற் பாதுகாக்கப் பெறுகின்றன. மருந்து, விளையாட்டு, திருநாள், பேய்க்கதை ஆகியவற்றோடு 1845-ஆம் ஆண்டிற் தொடங்கிய பெரும் பஞ்சத்தைப் பற்றியும் பிள்ளைகள் கேட்டெழுதினர். அவர்களுக்கும் தலைப்புகள் அடங்கிய கையேடு தரப்பட்டிருந்தது. ஆகவே அச்சிட்ட வினா என்பதனாலேயே ஒன்று பயனற்றுப் போவதில்லை என்பதையும் யாம் ஒப்புக்கொள்ள வேண்டியதாகின்றது. ஆனால் அவர்கள் ஒரு நாளில் முடித்திலர். வாரந்தோறும் திரும்பச் சென்றனர்.

அதே 1937-ஆம் ஆண்டில் நம் நாட்டு நிலையை எண்ணிப் பார்க்க. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அழித்த தாது வருடப் பஞ்சத்திற் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அப்போது ஐந்து வயதும் பத்து வயதுமாக இருந்து தப்பியவர்கள், 1937-ல் அறுபது எழுபது பிராயத்தினராய்த் திண்ணைகளில் அமர்ந்திருந்தனர். கஞ்சித் தொட்டியின் முன் வரிசையில் நின்ற குழந்தை யாது கண்டது என்று அவர்கள் கூறியிருக்கக் கூடும். அவர்பால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் குறிப்பேட்டுடன் செல்லவில்லை. அரசாங்க அறிக்கைகள் உள. சில கும்மிப் பாட்டுக்கள் உள. அக்குழந்தைகளின் சொல் இல்லை. அயர்லாந்தில் 50,000 பிள்ளைகள் எழுதிய அதே ஆண்டில் நாம் யாது செய்துகொண்டிருந்தோம்? கட்டுரை வகுப்பிற் பசுவைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம் போலும்.

கற்றோர் தம் இளமையைத் தாமே எழுதுவர் என்பது உண்மை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940-ஆம் ஆண்டு முதல் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதி வந்தார். 1942-ல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாமல் நின்றது. நம் திருவரங்கத்துப் பிள்ளைப் பருவமோ, எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளால் தமிழுலகெங்கும் அறியப்பட்டது. 1935-ற் பிறந்த அவர் அவ்வூரிற் பாட்டியாரின் வீட்டில் வளர்ந்தவர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியிற் பயின்றவர். அவர் கதைகளை யாமும் விரும்பிப் படித்துள்ளோம். ஆனால் அதே தெருக்களிற் பூக் கட்டிய சிறுமியும், கொள்ளிடக் கரையிற் துணி வெளுத்த சிறுவனும் எழுத்தாளராகவில்லை. எழுதவல்லாருக்கு வினவுவார் வேண்டா. எழுதமாட்டாருக்கே வேண்டும். 2014-ஆம் ஆண்டிற் பத்திரிகையாளர் சாய்நாத் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக்காப்பகத்திற்கு மாணவர் பலர் இத்தகையோரைக் கண்டு எழுதி வருகின்றனர். நம் கல்லூரியாரும் அதிற் கைகொடுக்கலாம். எனினும் முதலிற் செல்லவேண்டுவது வேற்றூருக்கன்று, தம் வீட்டு அடுக்களைக்கே என்பது எம் கருத்து.

எதனை வினவுவது? 'உங்கள் காலம் எப்படி இருந்தது' என்று வினவினால், 'நன்றாக இருந்தது' என்றே விடை வரும். பொருளைக் காட்டி வினவுக. இடத்தைக் காட்டி வினவுக. திருவரங்கத்துத் தெற்கு இராசகோபுரத்தின் முன் ஒரு முதியவரை நிறுத்துக. இன்று 236 அடி உயர்ந்து பதின்மூன்று நிலைகளோடு விளங்கும் அக்கோபுரம் 1987-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்குமுன் பல நூற்றாண்டுகள் அஃது அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரமாகவே இருந்தது. அம்மொட்டைக் கோபுரத்தின் நிழலில் யாது விற்றனர், அதன்மேல் ஏறிய சிறுவர் யாவர், எந்தச் செடி முளைத்திருந்தது என்று வினவினால், அறுபது வயது கடந்த எவரும் ஒரு மணி நேரம் பேசுவர். எம் நண்பரின் தாத்தா பேசினார், யாம் கேட்டோம். காவிரிப் பாலம் 1976-ஆம் ஆண்டினது. அடுத்த ஆண்டு நவம்பரில் வெள்ளம் இந்நகருட் புகுந்தது. 1939-ஆம் ஆண்டிற் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் ஏற்பட்டது. முதன்முதல் வானொலிப் பெட்டி யார் வீட்டில் வந்தது, அவ்வீட்டுத் திண்ணையில் அமர யார் யாருக்கு இடம் தந்தனர் என்று வினவுக. இவ்வினாவின் பிற்பகுதியே முக்கியமானது. நாமும் ஒன்றைக் கூறுதற்கு உரியோம் ஆயினோம்: 1928-ஆம் ஆண்டின் பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதி 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்ததை எம் வயதினர் சிறுபிராயத்திற் கண்டனர்.

கேட்டதை எம்மொழியில் எழுதுவது என்பதிலும் தமிழ் மாணவராகிய எமக்கு ஒரு கருத்துண்டு. யாம் இக்கட்டுரையைச் செந்தமிழ் நடையில் எழுதுகின்றோம். ஆனால் அப்பாயியின் சொற்களைத் திருத்தி, 'யான் சங்கொலிக்கு முன்னரே புறப்படுவேன்' என்று எழுதினால் அஃது அவர் கூறியதாகாது, யாம் கூறியதாகும். முதலில் அவ்வாறுதான் எழுதினோம். மறுநாட் படித்தபோது, அம்மூதாட்டி எம் பாட்டியாராகவே தோன்றவில்லை. எவரோ ஒரு புலவர் சேலை உடுத்து அமர்ந்திருந்தார்! பேசியவாறே எழுதுதல் கொச்சையை வளர்ப்பதாகும் என்று பெரியோர் சிலர் கருதலாம். கொச்சையை வளர்ப்பது வேறு. பிறர் சொல்லுக்கு உண்மையாய் இருப்பது வேறு. இக்காலத்திற் கைப்பேசியிலேயே ஒலியைப் பதிவு செய்யலாம். ஆயினும் பதிவு செய்கின்றோம் என்பதை முன்னரே அவருக்குக் கூறுதல் வேண்டும். மடியில் மறைத்து வைத்துப் பதிவது களவே.

இனிக் கூறப்போவது எமக்கு எளிதன்று. எம் வகுப்புத் தோழர் ஒருவர், எம் தூண்டுதலால் தம் தாத்தாவிடம் அவர் சிறுவயதில் ஆலயத்திற்குச் சென்றதைப் பற்றி வினவினார். எங்கே அமர்வீர்கள் என்று கேட்டவுடன், அம்முதியவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார். இரண்டு நாள் பேசவில்லை. பின்னர், "அது ஒனக்கு எதுக்கு? நீ படி" என்று மட்டும் கூறினாராம்.

காரணத்தை நம்மனோர் அறிவர், அறியாதார் போலிருப்பர். 1833-ஆம் ஆண்டிற் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைத் திருச்சபையினின்று களைய வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையிலும் திருச்சிராப்பள்ளியிலும் சபையார் பலர் அதனை எதிர்த்தனர். அதன் பின்னும், தனித்தனி இருக்கையும் தனித்தனிக் கல்லறையும் தமிழகத்துச் சபைகள் பலவற்றில் நெடுங்காலம் நீங்கவில்லை. பேராயரின் கடிதம் ஏட்டில் உளது. பின்வரிசையில் தரையில் அமர்ந்த குழந்தை கண்டது எந்த ஏட்டிலும் இல்லை. அதனை அறிந்தவர் அம்முதியவர் போன்றோரே. அவரோ கூற மறுக்கின்றார்.

கூறுக என்று வற்புறுத்தல் நமக்குத் தகுமா? யாம் நெடுநேரம் எண்ணினோம். வரலாற்றிற்கு வேண்டுமென்பது உண்மை. ஆனால் அவமானம் அவருடையது, வரலாறு நம்முடையது. தம் பேரன் தலைநிமிர்ந்து நடத்தற்பொருட்டே அவர் அதனை விழுங்கி வைத்திருக்கக் கூடும். ஆகவே மறுப்பவரை விட்டுவிடுதல் வேண்டும் என்பதே எம் முடிபு. ஆனால் அதே வினாவை முன்வரிசையில் அமர்ந்தோரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் நம் வீடுகளில் வினவலாமன்றோ? பின்னால் அமர்ந்தவர் யாவர் என்று நம் பாட்டியர் அறிவர். அவர்களை எவரும் இதுகாறும் வினவியதில்லை. நல்லது மட்டும் கேட்டுப் பழகியவர்கள் நாம். யாம் அப்பாயியை வினவினோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, ஒரு பெயரைக் கூறினார். உடன் படித்த சிறுமி ஒருத்தியின் பெயர். "பள்ளிக்கூடத்துல எம் பக்கத்துல உக்காருவா. கோயில்ல உக்கார மாட்டா. ஏன்னு நான் கேட்டதே இல்ல கண்ணு" என்றார். அச்சிறுமி பின்னர் எங்கே சென்றாள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

இக்கட்டுரையை அச்சிற்கு அனுப்புமுன், பாட்டியாரைப் பற்றிய பகுதிகளை அவருக்குப் படித்துக் காட்டினோம். செந்தமிழ் நடையைக் கேட்டு முதலிற் சிரித்தார். வகுப்பறைக்கு வெளியே நிழலில் நின்றதாக யாம் எழுதியிருந்த இடத்தில் கையமர்த்தினார். "நெழலா? அங்க ஏது நெழலு? மரம் அந்தாண்ட இருந்துச்சு. முள்ளுவேலி ஓரமா வெயில்லதான் நின்னேன்" என்றார். அச்சிறுமியின் பெயரை எழுதவில்லை என்று கூறினோம். "அதுவும் சரிதான்" என்றார். பின் சற்றுப் பொறுத்து, "எதுக்கும் ஒன் நோட்டுல எழுதி வையி" என்றார்.